அருவி நிலவரம் சொன்ன பிச்சுமணி

ஆனி மாதம் பிறந்துவிட்டால் மதுரையிலும் சென்னையிலும் இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, "குற்றாலத்தில் தண்ணி விழுதா?" என்பதுதான். இப்போது செல்போனைத் தட்டினால் அருவியே கைக்குள் வந்து விழுகிறது. அதற்கு முன்னால், முப்பது வருஷத்துக்கும் மேலாக, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துக்காரரான பிச்சுமணி.

அவர் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். விடிந்தும் விடியாததுமாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரு சுற்று சுற்றி வருவார். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுகிறதா, ஐந்தருவியில் எத்தனை கிளை ஓடுகிறது, வெயிலா சாரலா, குளிக்க விடுகிறார்களா இல்லையா என்று பார்த்து எழுதி அனுப்புவார். மறுநாள் காலைப் பேப்பரின் மூலையில் 'குற்றாலம் அருவி நிலவரம்' என்று நாலு வரி வரும். எழுதியவர் பெயர் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் மட்டும், சின்னதாக ஒரு கவிதைக்குக் கீழே 'மேலகரம் பிச்சுமணி' என்று வரும்.

அவர் வீட்டார் சிற்றாற்றுப் பாசனத்தில் நாலைந்து தலைமுறையாக வயல் வைத்திருந்தவர்கள். கோயில் காரியங்களில் அவர்களுக்கு முன்வரிசை இடம் உண்டு. மகன் வக்கீலாக வருவான் என்று அப்பா நினைத்தார். மகனோ தாவரவியல் படித்துவிட்டு, மலையடிவாரத்தில் எந்த மரம் எப்போது பூக்கிறது என்று பார்த்துத் திரிந்தான். "வேலைக்குப் போன மாதிரியும் இருக்கும், மரத்தைப் பாத்த மாதிரியும் இருக்கும்" என்று நிருபர் வேலையில் சேர்ந்தான். அப்பா ரொம்ப நாள் அவனோடு பேசவில்லை. பிறகு, ஒரு கார் நெல் பருவத்தில் மழை பொய்த்தபோது, குளங்கள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று அவன் எழுதிய செய்தியைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

முத்துவடிவு அவருக்கு வாக்கப்பட்டு வந்த கதை தனிக் கதை.

அவள் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். செய்தியை எழுதிக் கவரில் போட்டு பஸ்ஸில் ஏற்றித் திருநெல்வேலி அலுவலகத்துக்கு அனுப்புவதுதான் பிச்சுமணியின் வழக்கம். அருவி நிலவரமும், பஸ் போன பிறகு வருகிற அவசரச் செய்தியும் மட்டும் டிரங்க் காலில். இந்த முனையில் அவர் சொல்லச் சொல்ல அந்த முனையில் ஒருவர் எழுதிக்கொள்வார். நடுவில் முத்துவடிவு காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். லைன் கிடைத்ததும், "திருநெல்வேலி லைன் கிடைச்சாச்சு சார், பேசுங்க" என்பாள். அவர், "வணக்கம். தென்காசி பிச்சுமணி பேசுதேன். எழுதிக்கிடுங்க" என்று ஆரம்பிப்பார். தினம் தினம் அதே வார்த்தை, அதே குரல். முகம் தெரியாது.

ஒருநாள் லைனில் ஒரே இரைச்சல். "புலியருவியில் கூட்டம் அதிகம்" என்று பிச்சுமணி சொல்கிறார். அந்தப் பக்கத்தில் இருந்தவருக்குப் புலியும் கூட்டமும்தான் கேட்கிறது. "என்னது? புலியா? கூட்டமாவா?" என்று பதறுகிறார். இவர் கத்த, அவர் கத்த, நாளைக்குக் குற்றாலத்தில் புலிக்கூட்டம் என்று பேப்பரில் வந்துவிடும்போல் இருந்தது. ஆபரேட்டர் குறுக்கே பேசக்கூடாதுதான். ஆனாலும் முத்துவடிவுக்குப் பொறுக்கவில்லை.

"சார், புலி இல்ல. புலியருவி. அது அருவிக்குப் பேரு. அங்கன ஆளுவதான் கூட்டம்" என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு முனையிலும் சிரிப்பு.

மறுநாள் எக்ஸ்சேஞ்ச் வாசலில் ஒல்லியாக ஒருவர் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார். "நேத்து புலியைப் புடிச்சுக் கட்டினது யாருன்னு தெரியணும்" என்றார். பொட்டலத்தில் மங்குஸ்தான் பழம் இருந்தது. இரண்டு வீடும் தூரத்துச் சொந்தம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கல்யாணத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அவளுடைய மாமா மட்டும், "டெலிபோன்லயே சம்பந்தம் பேசி முடிச்சிட்டாளே" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

கல்யாணமாகி வந்த வீட்டில் முத்துவடிவு முதலில் கவனித்தது அவர் காகிதங்களை நடத்துகிற விதம். கவிதையைக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதுவார். லாட்ஜ் ரசீதில் எழுதுவார். பேப்பரில் அச்சாகி வந்ததும் எழுதியதைக் கீழே போட்டுவிடுவார். அச்சான பேப்பரையும் வைத்துக்கொள்ள மாட்டார். அவள் கத்தரித்து எடுத்தால், "வடிவு, இது நேத்துப் பேப்பர். அதுல என்னட்டி இருக்கு?" என்பார்.

"நேத்துப் பேஞ்ச மழை இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு அவள் கத்தரிப்பாள்.

தென்காசியில் காகிதத்தைக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை. சாரல் காலத்தில் துணியே காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் கோர்த்துக்கொள்ளும். இரும்பு பீரோவின் கீழ்த்தட்டைக் காலி பண்ணி, காகிதக் கட்டுகளுக்கு நடுவே வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைத்தாள். பங்குனி வெயிலில் மொட்டைமாடியில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பிக் காயவைப்பாள். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு கட்டின்மேலும் புளி உடைக்கிற கல், இஸ்திரிப் பெட்டி, மகளின் அகராதி என்று கையில் கிடைத்ததைத் தூக்கி வைப்பாள். மகள் உமா மகேஸ்வரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "எம்மா வத்தல் காயப்போடுத மாதிரி அப்பாவைக் காயப்போடுதா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்படியும் ஒரு மழைக்காலத்தில் மேல்தளம் ஒழுகித் தண்ணீர் பீரோவுக்குள் இறங்கி, ஏழெட்டு வருஷத்துக் கட்டுகள் ஊறிக் கூழாகிப் போயின. முத்துவடிவு உட்கார்ந்து அழுதாள். பிச்சுமணிதான் தேற்றினார். "மழையைப் பத்தி எழுதினது. மழையே எடுத்துக்கிட்டு. விடு" என்றார்.

அவருடைய கவிதைகள் எல்லாம் சின்னச் சின்னவை. அவளுக்கு மனப்பாடமான ஒன்று:

மலை குளித்துவிட்டுத்
தலை துவட்டுகிறது.
தெறிக்கிற துளியை
நாம் சாரல் என்கிறோம்.

டிரங்க் கால் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் போய் மின்னஞ்சல் வந்தது, பிறகு வாட்ஸ்அப்பும் வந்தது. மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போனாள், கல்யாணமும் ஆனது. முத்துவடிவு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தாள். பிச்சுமணி மட்டும் காலைச் சுற்றை விடவில்லை.

கொரோனா ஓய்ந்து, அருவியில் மறுபடியும் ஜனங்கள் குளிக்க ஆரம்பித்த பிறகு வந்த சீசன் அது. ஐந்தருவி ரோட்டில் ஒரு பாலத்துச் சுவரில் பிச்சுமணி உட்கார்ந்திருந்தார். வண்டி கீழே சாய்ந்து கிடந்தது. அந்த வழியாக ஆட்டோவில் சவாரி ஏற்றிக்கொண்டு வந்த பாரூக்குக்கு அவரை நன்றாகத் தெரியும். தினம் காலையில் கையை ஆட்டிவிட்டுப் போகிறவர் இன்று ஆட்டவில்லையே என்று நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, வண்டி மக்கர் பண்ணுதா?"

"சரி" என்றார் பிச்சுமணி.

"விழுந்துட்டியளா?"

"சரி."

வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை சும்மா தொங்கியது. பாரூக் யோசிக்கவில்லை. சவாரிக்காரர்களிடம் விஷயத்தைச் சொன்னார். அவர்களே இறங்கி, கைத்தாங்கலாக அவரை ஏற்றிவிட்டார்கள். அந்த ஆட்டோ தென்காசி ஆஸ்பத்திரியில் போய்த்தான் நின்றது. அங்கே ஊசி போட்டு, பிறகு திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். பெரிய டாக்டர் முத்துவடிவிடம், "நேரத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்கம்மா. அதனாலதான் இந்த அளவுக்காவது தப்பிச்சிருக்காரு" என்றார். பாரூக்கை நினைக்கும்போதெல்லாம் முத்துவடிவு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவாள். நேரில் கும்பிட்டால் அவர் கூச்சப்பட்டு ஓடிவிடுவார்.

கால் மெல்ல நடைக்கு வந்தது. கை பாதிதான் வந்தது. பேச்சு வரவே இல்லை. எல்லாம் புரிந்தது, யார் வந்தாலும் முகம் மலர்ந்தது. ஆனால் வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான்.

"பசிக்கா?"

"சரி."

"பசிக்கலையா?"

"சரி."

தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவருக்கே தெரியும். இடது கையால் கட்டிலை ஓங்கி அடிப்பார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்குத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனாள். பயிற்சி கொடுத்தவள் ஸ்ரீதேவி. முப்பது வயது இருக்கலாம், பொறுமையான பெண். பூனை, சாவி, குடை என்று ஒவ்வொரு படமாகக் காட்டி, "இது என்ன சார்?" என்று கேட்பாள். மூன்றாவது வாரம் பிச்சுமணி படத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார். கண் கலங்கி நின்றது. ஸ்ரீதேவி அட்டைகளை எடுத்து உள்ளே வைத்தாள்.

"சார் என்ன வேலை பாத்தாங்கம்மா?" என்று முத்துவடிவிடம் கேட்டாள்.

முத்துவடிவு சொன்னாள். அருவி நிலவரம், கவிதை, எல்லாம்.

ஸ்ரீதேவி சொன்னாள்: "இதை நான் முதல் நாளே கேட்டிருக்கணும்மா. அவங்களுக்கு வார்த்தை அழிஞ்சு போகல. உள்ளதான் கிடக்கு. வர்ற வழிதான் அடைச்சிருக்கு. வேற வழி இருக்கான்னு தேடிப் பாக்கணும். பாட்டு, சாமி மந்திரம், தினமும் ஒரே மாதிரி சொல்லிச் சொல்லிப் பழகினது, இதெல்லாம் சில பேருக்கு முதல்ல வரும். பூனை படம் சாருக்கு வேண்டாம். அவங்க வார்த்தையையே கொண்டு வாங்க."

பஸ் ஆலங்குளம் தாண்டி வரும்வரைக்கும் முத்துவடிவு அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அவரை உட்காரவைத்துவிட்டு, பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தாள். வசம்பு வாசனை குப்பென்று அடித்தது.

மறுநாளிலிருந்து காலையில் ஒரு காகிதக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தாள். கவிதைகளை வாசித்தாள். செங்கோட்டைப் பக்கம் யானை இறங்கிய செய்தியை வாசித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில இடங்களில் உதடு அசைந்தது. முடிந்ததும், "சரி" என்றார். அந்தச் சரியில் கொஞ்சம் சமாதானம் இருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரம் இப்படியே போனது.

அதற்குப் பிறகு ஒருநாள் பழுத்துப்போன ஒரு துண்டு கையில் வந்தது. அருவி நிலவரம். கடைசி வரி: 'புலியருவியிலும் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் அதிகமாக இருந்தது.' முத்துவடிவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரிடம் அதைக் காட்டினாள். அவரும் கோணிய வாயோடு சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, அவளை அறியாமல், முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆபரேட்டர் குரல் அவள் வாயிலிருந்து வந்தது.

"திருநெல்வேலி லைன் கிடைச்சாச்சு சார், பேசுங்க."

பிச்சுமணி நிமிர்ந்தார். இடது கை தானாகக் காதுப் பக்கம் போனது.

"வணக்கம். தென்காசி பிச்சுமணி பேசுதேன். எழுதிக்கிடுங்க."

பிசிறு இல்லை, திக்கல் இல்லை. முழுசாக வந்தது. சொல்லிவிட்டு அவரே மிரண்டு போய் அவளைப் பார்த்தார். முத்துவடிவுக்கு, அழுதால் எல்லாம் நின்றுவிடுமோ என்று பயம். பல்லைக் கடித்துக்கொண்டு, "சொல்லுங்க சார், எழுதுதேன்" என்றாள்.

"மெயின் அருவியில்... ஆண்கள் பகுதியிலும்... பெண்கள் பகுதியிலும்... தண்ணீர்..."

அங்கே நின்றுவிட்டது. உதடு தவித்தது. கடைசியில், "சரி" என்றார்.

"லைன் கட் ஆயிட்டு சார். மறுபடியும் போட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் ஓடி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் லைன் போட்டாள். அன்றைக்குத் தண்ணீர் 'ஆர்ப்பரித்துக் கொட்டுகிறது' என்பதுவரைக்கும் வந்தது.

ஸ்ரீதேவி இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "இதை விட்டுராதீங்கம்மா. ஆனா பழைய நிலவரத்தையே சொன்னா மனப்பாடமா நின்னுரும். தினமும் புதுசா ஏதாவது ஒண்ணு சேரணும்" என்றாள்.

புதிதுக்கு எங்கே போவது என்று முத்துவடிவு கவலைப்பட்டபோது பாரூக் சொன்னார்: "நான் எதுக்குக்கா இருக்கேன்? தினமும் அங்கனதான கிடக்கேன்." காலை முதல் சவாரி முடிந்ததும் அவர் போன் பண்ணுவார். "அண்ணாச்சி, ஐந்தருவில நாலு கிளைதான் விழுது. பழைய குத்தாலத்துல கூட்டம் இல்ல. நேத்து ஒரு குரங்கு ஒரு அம்மாகிட்ட சிப்ஸ் பாக்கெட்டைப் புடுங்கிட்டுப் போயிட்டு." பிச்சுமணி கேட்டுக்கொள்வார். பிறகு முத்துவடிவு லைன் போடுவாள். அவர் நிலவரம் சொல்வார். குரங்கு வருவதற்கு நாலு நாள் ஆனது. வந்தபோது, 'குரங்கு' என்பதையே ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், புதுச் சட்டை போட்ட பிள்ளை கண்ணாடி பார்க்கிறதுபோல.

அந்த வருஷம் மழைக்காலம் முடிவதற்குள் நிலவரம் முழுசாக வந்துவிட்டது. அடுத்த வருஷத்தில், லைன் போடாமலே சின்னச் சின்ன வாக்கியம் பேசினார். தடுமாற்றம் உண்டு. சாம்பார் என்பதற்குச் சாரல் என்பார். "சாரல் கொஞ்சம் ஊத்து" என்று கேட்டுவிட்டு, அவரே கண்டுபிடித்துச் சிரிப்பார்.

பேச்சு வர வர, தான் எழுதியது ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் தூக்கிப் போட்டவர் இப்போது தேட ஆரம்பித்தார். மலையில் காட்டுத்தீ பிடித்த வருஷம் எழுதிய ஒரு கவிதை. முதல் வரி மட்டும் ஞாபகம் இருந்தது. பீரோவில் அது இல்லை. மழையில் போன கட்டுகளில் இருந்திருக்க வேண்டும்.

தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர் கிதிர் முகம்மது. முத்துவடிவு அங்கேதான் துண்டுகளைப் பெரிதாக்கிப் பிரதி எடுப்பாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தன் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் எழுதிப் போட்டார்: மேலகரம் பிச்சுமணி அண்ணாச்சி எழுதியது யாரிடமாவது இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்றுதான் முத்துவடிவு நினைத்தாள். இரண்டு நாளில் படங்கள் வந்து குவிந்தன. ஒரு பழக்கடைக்காரர் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்த மங்குஸ்தான் கவிதை. ஒரு டீச்சர் பத்தாம் வகுப்பில் நோட்டுக்கு அட்டை போட்ட பேப்பரில் இருந்த மருத மரக் கட்டுரை. நாலு வழிச் சாலை வருவதற்கு முன்னால் திருநெல்வேலி ரோட்டில் நிழல் தந்த மரங்களைப் பற்றியது. செங்கோட்டையில் ஒரு பெரியவர் தன் கல்யாணப் புகைப்படத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்த நாலு வரி.

ராயகிரியிலிருந்து ஒருவர் படம் அனுப்பவில்லை. நேரில் வந்தார். பெயர் சங்கரபாண்டி. புன்செய்க் காட்டு விவசாயி. கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பேப்பர் துண்டு.

பிச்சுமணி அவரை உற்று உற்றுப் பார்த்தார். அடையாளம் பிடிபடவில்லை.

"என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது அண்ணாச்சி. மயிலு செத்துச்சே, அந்தக் காட்டுக்காரன்."

சொன்னதும் பிச்சுமணி முகம் மாறியது. சங்கரபாண்டியே முத்துவடிவைப் பார்த்துச் சொன்னார்.

"பத்து பன்னிரண்டு வருஷம் இருக்கும்க்கா. எங் காட்டுல ஒருநாள் விடிஞ்சு பாத்தா மயிலா செத்துக் கிடக்கு. நான்தான் வெசம் வச்சேன்னு ஊர் பூரா பேச்சு. வெள்ளாமையைத் திங்குதுன்னு முந்துன வாரம் டீக்கடையில நான் திட்டியிருந்தேன். அது போதும்லா? ஃபாரஸ்ட்காரங்க விசாரிக்கக் கூட்டிட்டுப் போயிட்டு, திரும்பவும் காட்டுக்கே கொண்டாந்து நிறுத்துனாங்க. எங்க வீட்டம்மா கடைக்குப் போக முடியல. அப்ப அண்ணாச்சி வந்தாரு. செத்த மயிலைப் பாத்து முதல்ல அவருதான் அழுதாரு. சரி, இந்தாளு நம்மள ஒரேயடியா முடிச்சிருவாருன்னு நெனச்சேன். அவரு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நேரா காட்டுக்குள்ள போனாரு. வெதைச்சு மிச்சம் கிடந்த வெதையை எடுத்துப் பாத்தாரு. பூச்சிமருந்து பெரட்டுன வெதைக்கா அது. அப்படித்தான் கடையிலயே குடுக்கான். மண்ணு சரியா மூடாம மேல கிடந்ததை மயிலு தின்னுருக்கு. அதை அப்படியே எழுதினாரு. அதுக்குப் பெறகு வெதையைப் பரிசோதனை பண்ணி அதுதான் உண்மைன்னு ஆச்சு. என்னை விட்டுட்டாங்க."

கண்ணாடிச் சட்டத்தை அவர் பிச்சுமணி மடியில் வைத்தார். அது சாதாரணமான செய்திதான். கவிதை ஒன்றும் இல்லை. கடைசி வரியை முத்துவடிவு எட்டிப் பார்த்தாள்: 'மயில்களை இழந்தது சங்கரபாண்டியின் வயல்தான், அவருடைய வருத்தத்தையும் யாராவது கேட்க வேண்டும்.'

"எம் மக கல்யாணப் பத்திரிகையை உங்களுக்குக் கொண்டாரணும்னு நெனச்சேன் அண்ணாச்சி. விலாசம் தெரியல. இப்ப தெரிஞ்சுட்டு. பேத்தி பொறந்துட்டா."

பிச்சுமணி கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். வார்த்தையைத் தேடுகிறார் என்று முத்துவடிவுக்குத் தெரிந்தது. எடுத்துக் கொடுக்கலாமா என்று வாயெடுத்தாள், கொடுக்கவில்லை.

"பேத்தி... பேரு... என்ன?"

"மயூரி."

பிச்சுமணி விழுந்து விழுந்து சிரித்தார். சங்கரபாண்டியும் சிரித்தார். அன்றைக்கு அவர் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் சிவகிரி பஸ் ஏறினார். கண்ணாடிச் சட்டத்தைத் திரும்பவும் வாங்கிக்கொண்டுதான் போனார். பிரதி மட்டும்தான் கொடுத்தார். "ஒரிஜினல் எங்க வீட்லதான் இருக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டார்.

காட்டுத்தீக் கவிதை கிடைக்கவில்லை. இன்றுவரைக்கும் கிடைக்கவில்லை.

கிடைத்தவற்றையும் பீரோவில் இருந்தவற்றையும் சேர்த்து ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று கிதிர் முகம்மது சொன்னார். கடை ஓய்வான மதிய நேரங்களில் வீட்டுக்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாதக்கணக்காக ஓடியது வேலை. உமா மகேஸ்வரி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தபோது அவரோடு உட்கார்ந்து வருஷவாரியாகப் பிரித்துக் கொடுத்தாள். எதற்கு இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று முத்துவடிவு கேட்டதற்கு அவர் சொன்னார்: "எங்க வாப்பா பேப்பர் ஏஜென்ட்டா இருந்தாகள்லாக்கா. அண்ணாச்சியோட நியூஸ் கவரை பஸ்ஸுல ஏத்திவிட்டதே வாப்பாதான். கவரை ஏத்திட்டு, பஸ் திரும்புற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவாக. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

மூலத்தாள்களைப் பக்கத்து ஊர்க் கல்லூரி நூலகத்துக்குத் தரச்சொல்லிக் கேட்டார்கள். நூலகர் பரமேஸ்வரன் வீட்டுக்கு வந்து, ஒரு கட்டைப் பிரித்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். "வசம்பு வச்சிருக்கீங்களாம்மா? நாங்க ஏ.சி. போட்டும் இப்படி இருக்காது" என்றார். ஈரம் ஏறாத பெட்டிகள் கொண்டுவந்து அவர் கையாலேயே அடுக்கினார். பீரோவின் கீழ்த்தட்டு காலியானபோது முத்துவடிவுக்கு மனசு கொஞ்சம் பிசைந்தது. ஆனால் பெட்டிகள் போகிற வண்டியில் பிச்சுமணியே ஏறி முன்னால் உட்கார்ந்துகொண்டு, "வா வா" என்று அவளைக் கூப்பிட்டதும் அதெல்லாம் போய்விட்டது.

போன ஆடியில், நூலகத்தில் சின்னதாக ஒரு விழா வைத்தார்கள். ஆடம்பரம் ஒன்றும் இல்லை. ஐம்பது அறுபது பேர். ஸ்ரீதேவி வந்திருந்தாள். பாரூக் அன்றைக்குச் சவாரி எடுக்கவில்லை. பிச்சுமணியைப் பேசச் சொன்னார்கள். அவர் பேசவில்லை, இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டு எழுதிய முதல் கவிதையை வாசித்தார். ஒவ்வொரு வார்த்தையாக, மேடு ஏறுகிறவரைப்போல நின்று நின்று வாசித்தார்.

இடது கை
இத்தனை நாளும்
பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது.
இப்போது எழுதுகிறது.
குரங்கு என்று எழுதினால்
வால் கொஞ்சம்
நீண்டுவிடுகிறது.

கைதட்டல் அடங்க நேரமானது. பிறகு அவர், "எல்லாருக்கும் நன்றி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற... ஒண்ணும் இல்ல. நன்றிதான்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

விழா முடிந்து வெளியே வந்தபோது சாரல் பிடித்திருந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. எதிர்த்தாற்போல் புதிதாக ஒரு ஓட்டல் திறந்திருந்தார்கள். இருவரும் போய் உட்கார்ந்தார்கள். சர்வர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். இவர்களை அவருக்குத் தெரியாது. மேசையைத் துடைத்துவிட்டு, பழக்கத்தில் பிச்சுமணியைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன சாப்பிடுறீங்க சார்?"

மூன்று வருஷமாக எந்த ஓட்டலிலும் முத்துவடிவுதான் பதில் சொல்லியிருக்கிறாள். இப்போதும் வாயைத் திறந்தாள். அதற்குள் பிச்சுமணி சொல்லிவிட்டார்.

"ரெண்டு ஆப்பம். தேங்காப்பால். அம்மாவுக்கு... வெங்காய ஊத்தப்பம். முறுகலா."

"முறுகலா ஒரு ஊத்தப்பம்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே சர்வர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.